புகையில்லாத காலை

லண்டன் மாநகரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எத்தனையோ கவிதைகள் உண்டு. ஆனால் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர்களை நிறுத்திக் கேட்டால் இரண்டைத்தான் சொல்லுவார்கள். ஒன்று வில்லியம் பிளேக் எழுதியது, பதினாறு அடி. மற்றொன்று வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் எழுதியது, பதினான்கு அடி. ஆக மொத்தம் முப்பது அடி. நம் வீட்டு மாத மளிகைச் சிட்டைகூட இதைவிட நீளமாக இருக்கும். இந்த முப்பது அடிக்குள் இரண்டு லண்டன்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று அழுகிறது, சபிக்கிறது, பெருமூச்சு விடுகிறது. மற்றொன்று குளித்துவிட்டு வந்த குழந்தையைப் போல் வெயிலில் கிடக்கிறது.

பிளேக்கின் பாட்டு 1794-ல் வெளிவந்தது. வேர்ட்ஸ்வொர்த்தின் பாட்டு 1802-ம் வருஷத்துக் காலை ஒன்றைப் பற்றியது, அச்சேறியது 1807-ல். ஒரே ஊர், ஒரே ஆறு, இடையில் எட்டே வருஷம். வகுப்பில் இதற்குச் சமாதானம் சொல்வது சுலபம். பிளேக் நகரத்தின் இருண்ட பக்கத்தைப் பார்த்தார், வேர்ட்ஸ்வொர்த் ஒளிமயமான பக்கத்தைப் பார்த்தார், நாணயத்துக்கு இரு பக்கம் உண்டல்லவா என்று வாத்தியார் முடித்துவிடுவார். மணியும் அடித்துவிடும்.

எனக்கு இந்தச் சமாதானம் போதவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் ஒன்றைப் பார்த்தான் என்றால், எங்கே நின்று பார்த்தான், அப்போது மணி என்ன, எங்கே போகிற வழியில் பார்த்தான் என்று குடைந்துகொண்டே இருப்பான். இந்த இரண்டு கவிகளிடமும் அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி ஆகிறது.

முதலில் வேர்ட்ஸ்வொர்த்.

அவர் லண்டன்வாசி அல்ல. வடக்கே ஏரிகளும் மலைகளும் நிறைந்த கம்பர்லந்துச் சீமையில் 1770-ல் பிறந்தவர். 1802 ஜூலை 31, சனிக்கிழமை விடிகாலை, ஐந்தரையோ ஆறோ இருக்கும். டோவர் துறைமுகத்துக்குப் போகும் கோச்சு வண்டியில் தங்கை டாரதியோடு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தார். டாரதி நாட்குறிப்பு எழுதும் வழக்கமுள்ளவள். அண்ணனுடைய கவிதைகளில் பலவற்றுக்கு மூலதனம் அந்த நாட்குறிப்பில்தான் இருக்கிறது. அன்றைய காலையைப் பற்றியும் எழுதியிருக்கிறாள். நகரமும், ஸெயின்ட் பால் ஆலயமும், ஆற்றில் நிறையப் படகுகளுமாக மிக அழகாயிருந்தது, வீடுகளின்மேல் புகை மண்டியிருக்கவில்லை, வெயில் தெளிவாக அடித்தது என்று சொல்லுகிறாள். கவிதையில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான். பூமியில் இதைவிட அழகான காட்சி கிடையாது என்று அண்ணன் சற்று உரக்கச் சொல்லிவிட்டார், அவ்வளவே.

அவர்கள் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள்? இங்கேதான் கதாசிரியனின் காது நிமிர்கிறது.

பத்து வருஷத்துக்கு முன் வேர்ட்ஸ்வொர்த் பிரான்ஸ் தேசத்தில் இருந்தார். புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். இருபத்திரண்டு வயது வாலிபர். ஆனெத் வல்லோன் என்ற பிரெஞ்சுப் பெண்ணிடம் காதல் கொண்டார். கல்யாணம் நடக்கவில்லை, குழந்தை மட்டும் பிறந்தது. 1792 டிசம்பரில் அந்தக் குழந்தைக்குக் கரோலின் என்று பெயரிட்டு ஞானஸ்நானம் செய்வித்தபோது தகப்பனார் ஊரில் இல்லை. பணமில்லாமல் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். 1793 பிப்ரவரியில் இரண்டு தேசங்களுக்கும் யுத்தம் மூண்டது, கடல் அடைபட்டது. 1802 மார்ச்சில் ஆமியான் உடன்படிக்கை கையெழுத்தாகிச் சமாதானம் வந்த பிறகுதான் ஆங்கிலேயர்கள் மறுபடி தாராளமாகப் பிரான்ஸுக்குக் கப்பலேறினார்கள். வேர்ட்ஸ்வொர்த்தும் கிளம்பினார். ஒன்பது வயதான மகளைப் பார்க்க; அவள் தாயாரிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல. அவருக்கு மேரி ஹட்சின்ஸன் என்ற பெண்ணோடு விவாகம் நிச்சயமாகியிருந்தது. அக்டோபர் 4-ந் தேதி கல்யாணம்.

காலே நகரில் நாலு வாரம் இருந்தார்கள். கடற்கரையில் மாலை வேளைகளில் உலாவினார்கள். அந்த மகளை வைத்தும் ஒரு பதினான்கடிப் பாட்டு இருக்கிறது. அதில் அவளை மகள் என்று சொல்லவில்லை. ஆகஸ்டு முடிவில் டோவர் வழியே லண்டனுக்குத் திரும்பினார்கள்.

பாலத்துப் பாட்டின் தலைப்பில் வேர்ட்ஸ்வொர்த் செப்டம்பர் 3 என்று தேதி போட்டிருக்கிறார். நாட்குறிப்பு ஜூலை 31 என்கிறது. வயதான காலத்தில், 1843-ல், இஸபெல்லா பென்விக் என்ற சிநேகிதியிடம் தம் கவிதைகளைப் பற்றிக் குறிப்புச் சொல்லும்போது, பிரான்ஸுக்குப் போகிற வழியில் கோச்சு வண்டியின் கூரைமேல் உட்கார்ந்து இயற்றியது என்றார். போகிற வழி என்றால் ஜூலைதான். ஜூலையில் மனத்தில் உருவாகி, செப்டம்பரில் கடைசி வடிவம் பெற்றிருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் தேதித் தகராறைத் தீர்த்து வைக்கிறார்கள். இருக்கட்டும். இரண்டு தேதிக்கும் நடுவே காலே கடற்கரை கிடக்கிறது. மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தேதி. பார்த்துவிட்டு விடைபெற்றுக்கொண்டு வந்த பிறகு ஒரு தேதி. அந்தப் பாட்டில் ஓர் அசாதாரணமான அமைதி இருக்கிறதே, அது வெறும் காலை வெயிலின் அமைதி என்று இதற்குப் பிறகு என்னால் நினைக்க முடியவில்லை. மனத்தில் அமைதி தேவைப்பட்டவன் கண்டெடுத்த அமைதி அது.

இன்னொன்று. அந்தப் பாட்டில் மனிதர்களே இல்லை. கட்டடம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, ஆறு தன் போக்கில் போகிறது. வீடுகள் தூங்குகின்றன என்கிறார். வீட்டுக்குள் தூங்குகிறவர்களைப் பற்றிப் பேச்சில்லை. 1801 மார்ச்சில் இங்கிலாந்தில் முதன்முதலாக ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். லண்டனில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் என்று தெரிந்தது. பத்து லட்சம் பேர் உள்ள ஊரைப் பார்த்து, ஒருவரைக்கூடச் சேர்க்காமல் பாட்டு எழுத வேண்டுமானால் விடிகாலையில்தான் எழுத முடியும்.

புகை ஏன் இல்லை? காரணம் எளிது. லண்டன் நிலக்கரியில் வாழ்ந்த ஊர். நியூகாஸிலிலிருந்து கரி கப்பல் கப்பலாகக் கடல் வழியே வந்து தேம்ஸில் இறங்கும். சமையல், சாராயக் காய்ச்சல், சாயம், சோப்பு, குளிர்காலத்தில் ஒவ்வோர் அறையிலும் கணப்பு, எல்லாம் கரிதான். ஆனால் அது ஜூலை மாதம். கணப்பு மூட்ட வேண்டாம். மணியோ ஆறுகூட ஆகவில்லை. சமையலறை அடுப்பும் எரியவில்லை. வேலைக்காரிகள் எழுந்து கரியைப் பற்ற வைக்க இன்னும் அரைமணியோ ஒருமணியோ இருக்கிறது. கவி பார்த்த தூய ஆகாயத்துக்கு ஆயுள் அவ்வளவுதான்.

இனி பாலத்தைக் கடப்போம்.

அப்போதிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் 1750-ல் திறக்கப்பட்ட கல்பாலம். இப்போது இருப்பது 1862-ல் கட்டியது. பாலத்தின் மேற்குக் கரையில் பார்லிமெண்டு. கிழக்குக் கரையில் இறங்கினால் லாம்பெத். டோவர் கோச்சு அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும். பாலத்திலிருந்து பத்து நிமிஷ நடையில் ஹெர்குலிஸ் பில்டிங்ஸ் என்று ஒரு வரிசை வீடுகள். அங்கே ஒரு வீட்டில் 1790-லிருந்து 1800 வரையில் பிளேக் குடியிருந்தார். லண்டனைப் பற்றிய அந்தப் பதினாறு அடி உருவானது அங்கேதான். வேர்ட்ஸ்வொர்த்தின் வண்டி அந்தத் தெருமுனைக்கு வெகு அருகில் போயிருக்கும். பிளேக் அப்போது அங்கே இல்லை. ஹேலி என்ற பிரபுவின் ஆதரவில் தெற்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் இருந்தார். மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு 1803-ல் லண்டனுக்கே திரும்பிவிட்டார். எழுபது வருஷ வாழ்க்கையில் அவர் லண்டனை விட்டு வெளியே குடியிருந்தது அந்த மூன்று வருஷம்தான்.

பிளேக் 1757-ல் ஸோஹோப் பகுதியில் பிறந்தவர். தகப்பனார் காலுறை வியாபாரி. பதினான்கு வயதில் சேர்ந்து பஸையர் என்ற சித்திரச் செதுக்குக்காரரிடம் ஏழு வருஷம் வேலை பழகினார். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. 1782-ல் காதரின் என்ற ஏழைப் பெண்ணை மணந்தார். கல்யாணப் பதிவில் அவள் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டாள். பிறகு புருஷனிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, அவர் தொழிலிலேயே கூட்டாளியானாள்.

தொழில் என்ன என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கவிதை சாதாரணப் புத்தகமாக வெளிவரவில்லை. செப்புத் தகட்டின்மேல், அமிலம் அரிக்காத ஒரு திரவத்தால், எழுத்துக்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றி எழுதுவார். கூடவே படமும் வரைவார். தகட்டை அமிலத்தில் போட்டால் மற்ற இடமெல்லாம் அரித்துப்போய் எழுத்தும் படமும் மேடாக நிற்கும். அதில் மை தடவித் தாளில் ஒற்றி, ஒவ்வொரு பிரதிக்கும் புருஷனும் பெண்சாதியுமாக உட்கார்ந்து கையால் வர்ணம் தீட்டுவார்கள். ஆசிரியர், ஓவியர், அச்சகர், பிரசுரகர்த்தர் எல்லாம் ஒருவரே. விற்ற பிரதிகள் சொற்பம். "லண்டன்" என்ற பாட்டின் தகட்டில், கோல் ஊன்றிய கிழவர் ஒருவரை ஒரு குழந்தை அழைத்துச் செல்கிறது. சற்றுக் கீழே இன்னொரு குழந்தை தெருவில் மூட்டிய நெருப்பில் கை காய்கிறது. பாட்டில் இந்தக் கிழவரும் இல்லை, நெருப்பும் இல்லை. படத்தில் மட்டும் இருக்கிறார்கள்.

அந்தப் பாட்டு உருவான நோட்டுப் புத்தகம் அழியாமல் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் சொல்லும் ஒரு செய்தி என்னை வெகுவாகக் கவர்ந்தது. தெருக்களையும் தேம்ஸ் நதியையும் பற்றி எழுதும்போது பிளேக் முதலில் "அழுக்கு" என்ற அடைமொழியைத்தான் போட்டார். பிறகு அதை அடித்துவிட்டு "சார்ட்டர்" என்ற சொல்லிலிருந்து பிறந்த ஒரு பதத்தைப் போட்டார். சாசனம், பட்டயம் என்று நாம் சொல்லுவோம். சாசனத்தால் உரிமை எழுதி வாங்கப்பட்ட தெரு. சாசனத்தால் எழுதி வாங்கப்பட்ட ஆறு. அழுக்கு என்பது எந்தப் பத்திரிகை நிருபருக்கும் கண்ணில் படும். சாசனம் கண்ணில் படாது. அதை யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த நாளில் "சாசனம்" ஆங்கிலேயர்கள் பெருமையோடு உச்சரித்த சொல். ராஜா கொடுத்த உரிமைப் பத்திரம், பிரஜையின் சுதந்திரத்துக்கு அஸ்திவாரம் என்பார்கள். தாமஸ் பெய்ன் தமது "மனித உரிமைகள்" நூலில் இந்தப் பெருமையைக் கிழித்துப் போட்டார். உரிமை மனிதனுக்குப் பிறப்பிலேயே உண்டு. சாசனம் அதைச் சிலருக்குக் கொடுப்பதாகச் சொல்வதன் பொருள், மற்ற எல்லோரிடமிருந்தும் பிடுங்குகிறது என்பதே என்றார். அந்த நூல் 1791-லும் 1792-லும் இரண்டு பாகமாக வந்தது. பிளேக் சொல்லை மாற்றியதும் ஏறக்குறைய அதே சமயம்.

சாசனக் கம்பெனிகளில் பெரியது எது என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1600-ல் எலிஸபெத் ராணியிடம் சாசனம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிதான். சென்னைப்பட்டணத்துக் கோட்டையும் கொத்தளமும் அந்தக் காகிதத்தின் பலத்தில் எழுந்தவை. 1793-ல் அந்தச் சாசனத்தைப் பார்லிமெண்டு இன்னும் இருபது வருஷத்துக்கு நீட்டித்தது. பிளேக் நம்மை நினைத்து அந்தச் சொல்லைப் போட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்களில் கம்பெனிக் கப்பல்களும் உண்டு. வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி ஜான், கம்பெனிக் கப்பலுக்குக் காப்டனாக இருந்தவர். அண்ணனும் தங்கையும் அந்த வியாபாரத்தில் பணம் போட்டிருந்தார்கள். 1805 பிப்ரவரியில், கீழ்த்திசைக்குப் புறப்பட்ட கப்பல் இங்கிலாந்தின் கரை அருகிலேயே பாறை தட்டி முழுகி, ஜானும் போய்விட்டார். அழகிய காட்சிக்குப் பின்னால் கணக்குப் புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கத்தான் செய்கிறது. (அந்தச் சொல் நம் ஊரில் ஆடிட்டர்களின் பட்டத்தில் இன்னும் வாழ்கிறது. வருமானவரி கட்டுகிறவர்களுக்குப் பிளேக்கின் கோபம் சற்றுச் சீக்கிரம் புரியலாம்!)

வேர்ட்ஸ்வொர்த்தின் பாட்டு முழுக்கக் கண்ணால் ஆனது. பிளேக்கின் பாட்டு பெரும்பாலும் காதால் ஆனது. முதலில் சில முகங்கள் தென்படுகின்றன. பிறகு எல்லாம் ஓசை. புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் கூவல், படைவீரனின் பெருமூச்சு, நள்ளிரவுத் தெருவில் ஓர் இளம் விலைமகளின் சாபம். ஓசைகள் வெறும் காற்றாகக் கரைந்து போவதில்லை. கூவல் தேவாலயத்துச் சுவரில் கரியாய்ப் படிகிறது. பெருமூச்சு அரண்மனைச் சுவரில் ரத்தமாய் வழிகிறது. சாபம் பிறந்த குழந்தையையும் கல்யாண வண்டியையும் தொட்டுவிடுகிறது. யாருடைய துன்பத்துக்கு யார் பொறுப்பு என்று முகவரி எழுதி ஒட்டுகிற பாட்டு அது.

படைவீரனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1793-ல் யுத்தம் தொடங்கியதை முன்பே சொன்னேன். ஆனால் கடைசிச் சாபத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேர்ட்ஸ்வொர்த்தின் கோச்சு வண்டி நினைவுக்கு வருகிறது. ஆனெத் கண்ணியமான குடும்பத்துப் பெண். பிளேக் காட்டும் தெருப்பெண்ணுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. ஆயினும் மணமாகாத தாய், தகப்பன் அறியாத குழந்தை, இரண்டு மாதத்தில் நடக்கப்போகும் வேறொரு கல்யாணம் ஆகிய மூன்றையும் மடியில் கட்டிக்கொண்டு ஒருவர் அந்த வழியாகப் போயிருக்கிறார். போகும்போது ஊர் எவ்வளவு அழகாய்த் தூங்குகிறது என்று பார்த்திருக்கிறார்.

புகைபோக்கிச் சிறுவனிடம்தான் நான் வெகு நேரம் நிற்க விரும்புகிறேன்.

லண்டன் வீடுகளின் புகைபோக்கிகள் குறுகலானவை. பல இடங்களில் 14 அங்குலத்துக்கு 9 அங்குலம்தான் துவாரம். நேராகவும் இருக்காது, வளைந்து நெளிந்து போகும். படிந்த கரியைச் சுரண்டி எடுக்காவிட்டால் தீப்பிடிக்கும். பெரியவர்கள் நுழைய முடியாது. ஆகவே ஐந்து வயதும் ஆறு வயதுமான பையன்களை ஏழைப் பெற்றோரிடமும் அநாதை விடுதிகளிலும் வாங்கி வந்து ஏற்றினார்கள். முழங்கையும் முழங்காலும் தேய்ந்து ரணமாகும். ரணம் காய்த்துப் போகும். லண்டன் ரணவைத்தியர் பெர்சிவல் பாட், இந்தப் புகைக்கரி உடம்பில் தங்கி இவர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று 1775-லேயே எழுதி வைத்தார். 1788-ல் பார்லிமெண்டு சட்டம் போட்டது. எட்டு வயதுக்குக் குறைந்த பையனை ஏற்றக் கூடாது என்று. எட்டு வயதானால் ஏற்றலாம்! அந்தச் சட்டத்தையும் யாரும் லட்சியம் செய்யவில்லை. சுரண்டிய கரியை முதலாளி மூட்டை கட்டிக் குடியானவர்களுக்கு எருவாக விற்றுவிடுவான்.

பையன்கள் தெருவில் கூவிக்கொண்டு போக வேண்டும். "துடைக்க ஆள்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் முதல் ஒலியை விட்டுவிட்டால் "அழு" என்று பொருளாகிவிடும். நாக்குத் திருந்தாத குழந்தைகள் அப்படித்தான் கூவினார்கள். பிளேக் இதைக் காதில் வாங்கி இன்னொரு பாட்டில் வைத்திருக்கிறார்.

அவர்கள் கூவியது எந்த வேளையில்? புகைபோக்கிக்குள் ஏற வேண்டுமானால் அது ஆறியிருக்க வேண்டும். வீட்டார் எழுந்து அடுப்பு மூட்டும் முன்னால் வேலை முடிய வேண்டும். ஆகவே அந்தச் சிறுவர்களுக்கு வேலை நேரம் விடியற்காலை. சார்லஸ் லாம் 1822-ல் இவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், வைகறையோடு வைகறையாக இவர்கள் குரல் கேட்பதைச் சொல்லுகிறார்.

அதாவது வேர்ட்ஸ்வொர்த் பாலத்தின்மேல் நின்று புகையில்லாத வானத்தைக் கண்டு பரவசமடைந்த அதே வேளைதான் பையன்கள் ஏறுகிற வேளை. ஊரில் அடுப்பு எரியவில்லை என்பதால் கவிக்குக் காட்சி கிடைத்தது. அதே காரணத்தால் குழந்தைகளுக்கு வேலை கிடைத்தது. எல்லா வீடும் தூங்கவில்லை. தூங்குகிற வீட்டின் சுவருக்குள்ளே, செங்கல்லுக்கு நடுவே, யாரோ ஒருவன் முழங்காலை ஊன்றி மேலே நகர்ந்துகொண்டிருந்தான். பாலத்தின் மேலிருந்து அது தெரியாது. அங்கே கூவலும் எட்டாது. ஹெர்குலிஸ் பில்டிங்ஸில் படுத்திருந்தவருக்குக் கேட்கும்.

இதற்காக வேர்ட்ஸ்வொர்த்தை நான் கூண்டில் ஏற்றப் போவதில்லை. அவர் நேர்மையானவர். தம் பாட்டின் தலைப்பிலேயே இடத்தையும் தேதியையும் குறித்துவிட்டார். இந்தப் பாலம், இந்தக் காலை, இவ்வளவுதான் என் சாட்சியம் என்கிற மாதிரி. பிளேக்கோ தேதியும் போடவில்லை, தெருப் பெயரும் சொல்லவில்லை. எல்லாத் தெருவுக்கும் எல்லா நாளுக்குமாகச் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார். தவிரவும், வேர்ட்ஸ்வொர்த் லண்டன் இரைச்சலை அறியாதவரும் அல்ல. 1791-ல் சில மாதங்கள் அங்கே வேலையில்லாமல் சுற்றியிருக்கிறார். அவர் இறந்த 1850-ம் வருஷத்தில் வெளிவந்த நீண்ட சுயசரிதைக் காவியத்தில் ஏழாம் பாகம் முழுவதும் லண்டன்தான். அடுத்த வீட்டுக்காரன் பெயர் தெரியாமல் ஜனங்கள் வாழும் விந்தையைச் சொல்லுகிறார். பார்த்தலோமியோ திருவிழாவின் அமளியைச் சொல்லுகிறார். முதன்முதல் தெற்கே வந்தபோது ஒரு பெண் வாய்விட்டுச் சபிப்பதைக் கேட்டுத் தாம் நடுங்கிப்போனதைச் சொல்லுகிறார். பிளேக்கின் காதில் விழுந்த அதே மாதிரிச் சாபம்! கூட்டத்தில் ஒரு குருட்டுப் பிச்சைக்காரனையும் காண்கிறார். அவன் மார்பில் ஒரு காகிதம் தொங்குகிறது. அவன் யார், எங்கிருந்து வந்தான் என்ற கதை அதில் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதை அவனால் படிக்க முடியாது. மனிதன் தன்னைப் பற்றி அறிந்ததெல்லாம் இப்படி ஒரு துண்டுக் காகிதந்தானோ என்று கவி திகைத்து நிற்கிறார். என்னைக் கேட்டால் பாலத்துப் பாட்டைவிட இந்தப் பிச்சைக்காரன் பெரியவன். ஆனால் பாடப் புத்தகத்தில் பதினான்கு அடிக்குத்தான் இடம் இருக்கிறது.

பிளேக்கும் லண்டனை வெறுத்தவர் அல்ல. "ஜெரூஸலம்" என்ற பெரிய நூலில் இஸ்லிங்டன், மேரிலபோன், பிரிம்ரோஸ் ஹில் என்று தாம் சிறு வயதில் திரிந்த பேட்டைகளையே தெய்வ நகரத்தின் பொன்தூண்கள் நிற்கும் இடமாக்கிவிட்டார். வெளியூர்க்காரன் லண்டனைச் சுவர்க்கம் என்றால் வண்டி கிளம்பியதும் மறந்துவிடலாம். உள்ளூர்க்காரன் சுவர்க்கம் என்று சொன்னால், ஏன் அப்படி இல்லை என்ற கேள்விக்கும் அவன்தான் பதில் சொல்லியாக வேண்டும். லாம்பெத்தில் இருந்தபோது நடந்ததாக அவருடைய இளம் நண்பர் டேதம் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். பக்கத்தில் ஆஸ்ட்லி என்பவர் குதிரை வித்தைக் கூடாரம் நடத்தி வந்தார். அவரிடம் வேலை செய்த பையன் ஒருவன், கழுதை ஓடிப் போகாமல் கட்டுவது போல், காலில் மரக்கட்டையோடு நொண்டி நடப்பதைப் பிளேக் ஜன்னல் வழியே பார்த்துவிட்டார். உடனே இறங்கிப் போய்ச் சத்தம் போட்டுக் கட்டையை அவிழ்க்கச் செய்தார். பிற்பாடு ஆஸ்ட்லி கோபமாகச் சண்டைக்கு வந்து, கடைசியில் பிளேக் சொன்னது நியாயம் என்று ஒப்புக்கொண்டு போனாராம். அடிமைத்தளையைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறைய உண்டு. மாடியிலிருந்து இறங்கி வருகிறவர்கள் குறைவு.

மூன்றாவதாக ஒரு குரலும் இருக்கிறது. மேலே சொன்ன சார்லஸ் லாம், கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீஸில் 1792 முதல் 1825 வரை முப்பத்துமூன்று வருஷம் கணக்கெழுதிய குமாஸ்தா. மலைநாட்டுக்கு வந்து தங்கும்படி வேர்ட்ஸ்வொர்த் அழைத்ததற்கு 1801 ஜனவரியில் அவர் எழுதிய பதில் பிரசித்தம். என் ஆயுளில் ஒரு மலையைக்கூடப் பார்க்காவிட்டால் எனக்குக் குறைவில்லை. ஸ்ட்ராண்டு வீதியின் கூட்டத்தையும் கடை விளக்குகளையும் பார்த்துச் சந்தோஷத்தில் கண்ணீர் விடுகிறவன் நான் என்று எழுதிவிட்டார். இவருக்கு ஊர் தூங்கினால் பிடிக்காது. பைரன் பிரபுவோ 1823-ல் வந்த பாகங்களில், தம் கதாநாயகன் டான் ஜுவானை அதே டோவர் சாலை வழியாக லண்டனுக்குள் கொண்டுவருகிறார். வேர்ட்ஸ்வொர்த் வெளியே போன சாலையில் இவன் உள்ளே வருகிறான். குன்றின்மேல் நின்று புகை மூடிய நகரத்தைப் பார்த்து, சுதந்திரத்தின் இருப்பிடமே என்று பிரசங்கம் தொடங்குகிறான். பாதியில் வழிப்பறிக்காரன் கத்தியை நீட்டுகிறான். பைரனுக்கு இந்த மாதிரி வேடிக்கை கைவந்த கலை. ஆனால் வேடிக்கையோடு சரி.

1824-ல் ஜேம்ஸ் மான்ட்காமரி என்பவர் புகைபோக்கிச் சிறுவர்களுக்காகப் பரிந்து பேசும் தொகுப்பு நூல் ஒன்று வெளியிட்டார். லாமிடம் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார். லாம் தாம் எழுதாமல், அநேகருக்குத் தெரியாத பிளேக்கின் பாட்டு ஒன்றை அனுப்பினார். பையன்களை ஏற்றும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டங்கள் 1834-லும் 1840-லும் வந்தன. நிஜமாகவே பலித்த சட்டம் 1875-ல்தான் வந்தது. பிளேக்கின் பாட்டு வெளியாகி அதற்குள் எண்பத்தோரு வருஷம் ஆகிவிட்டது.

கிராப் ராபின்ஸன் என்ற வக்கீல் இரண்டு கவிகளுக்கும் தெரிந்தவர். பெரிய மனிதர்களோடு பேசியதையெல்லாம் எழுதி வைக்கும் புண்ணியவான். 1812-ல் வேர்ட்ஸ்வொர்த்துக்குப் பிளேக்கின் பாட்டுக்களைப் படித்துக் காட்டினார். இந்த மனிதருக்குச் சித்தப்பிரமை என்பதில் சந்தேகமில்லை, ஆனாலும் மற்றப் பிரபல கவிகளின் தெளிவைவிட இவருடைய பிரமைதான் தம்மை இழுக்கிறது என்று வேர்ட்ஸ்வொர்த் சொன்னதாக அவர் மூலம் தெரிகிறது. பிறகு 1825, 1826-ல் அவர் பிளேக்கிடம் வேர்ட்ஸ்வொர்த்தின் புத்தகத்தைக் கொண்டுபோனார். பிளேக் படித்துவிட்டுப் பக்க ஓரங்களில் சண்டை போட்டு எழுதினார்; இந்த யுகத்தின் பெரிய கவி இவர்தான் என்றும் சொன்னார்.

ராபின்ஸன் போய்ப் பார்த்த அந்த வீடு ஸ்ட்ராண்டு வீதியை ஒட்டிய பௌன்டன் கோர்ட் என்ற சந்தில் இருந்தது. இரண்டே அறை, ஒன்றில் படுக்கை, சமையல், செதுக்கு வேலை எல்லாம். அந்த அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பக்கத்து வீடுகளின் நடுவே தேம்ஸ் நதி ஒரு கீற்றாகத் தெரியும். வெயில் பட்டால் அது பொன்பாளம் போல் மின்னும் என்று பிளேக் மகிழ்ந்து சொல்லுவாராம். 1827 ஆகஸ்டு 12-ந் தேதி அந்த அறையிலேயே காலமானார்.